நெட்டையனின் லீவு லெட்டர்

அக்டோபர் 4

அக்காவுக்கு,

அம்மாவுக்கு மாதம் ஓர் அட்டை போடுகிறேன். அம்மாவின் கண்ணுக்கு அந்த எழுத்து எட்டாது, நீதான் படித்துக் காட்டுவாய் என்று தெரியும். உனக்கென்று எழுதுவது இரண்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை. சண்டையைப் பற்றி எழுத உட்காரவில்லை. ஓர் உதவி வேண்டும்.

கால்நடை மருத்துவத்தில் இரண்டாம் வருடம் ஓடிக்கொண்டிருக்கிறது. வந்த முதல் வருடம் முழுக்க இந்த ஊர் மொழி படித்தேன். அந்த எழுத்தையும் இலக்கணத்தையும் மண்டைக்குள் ஏற்றியதில் பாதி முடி போய்விட்டது. இப்போது மாட்டின் நாலு வயிற்றுக்கும் இந்த ஊர் மொழியில் பேர் சொல்வேன். மாடு வைத்திருப்பவர்கள் சொல்வது புரிகிறது. அப்பாடா என்று மூச்சுவிட்ட நேரத்தில் புது விதி ஒன்று வந்திருக்கிறது. வெளிநாட்டு மாணவர்கள், உள்ளூர் மாணவர்கள் எல்லாரும் ஜூனுக்குள் ஆங்கிலத் தேர்வில் பாஸாக வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாம் வருடம் ஆஸ்பத்திரிக்குள் விடமாட்டார்கள்.

எந்தப் பேயிடமிருந்து தப்பித்து இத்தனை தூரம் வந்தேனோ, அது எனக்கு முன்னாலேயே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது.

இதைவிடப் பெரிய வம்பு ஒன்று இருக்கிறது. முதல் நாள் வகுப்பில் டீச்சர் எங்கள் நாடுகளின் பெயரை வாசித்துக்கொண்டே வந்தார். என் முறை வந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "உங்க ஊர்ல எல்லாரும் இங்கிலீஷ்ல பொளந்து கட்டுவாங்களே!" என்று இந்த ஊர் மொழியில் சொன்னார். இருபது பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா, அந்தப் பார்வையில் மரியாதை இருந்தது. நானும் மெதுவாகத் தலையை ஆட்டிவிட்டேன். அந்த ஓர் ஆட்டலில் உயர்நிலை வகுப்புக்குப் போய்விட்டேன்.

நீ வேலையில் தினமும் பேசுகிற வாக்கியங்களை எழுதி அனுப்பு. கூடவே அடிப்படை இலக்கணமும். யாருக்கும் தெரியாமல் படித்துக்கொள்கிறேன்.

தம்பி

&nbsp;

அக்டோபர் 19

துரைக்கு,

இங்கிலீஷ் என்றாலே ஓடி ஒளிகிறவனுக்கு இந்தப் பட்டப் பெயரை வைத்தவளே நான்தான். இப்போது ஊர் உலகமெல்லாம் உன்னைத் துரை என்றே நம்புகிறது போலிருக்கிறது. நல்லது.

அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. உன் அட்டையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறாள்.

என்ன கேட்டாய், நான் பேசுகிற வாக்கியங்களா? எழுதிக்கொள். 'உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது.' 'தாமதத்துக்கு மன்னிக்கவும்.' 'வேறு ஏதாவது உதவி வேண்டுமா?' காலை எட்டு மணிக்குக் கால் சென்டரில் ஹெட்போனைக் காதில் மாட்டினால் மாலை ஐந்து வரை இவ்வளவுதான் என் ஆங்கிலம். யார் வீட்டிலோ ஐஸ் பெட்டி குளிரவில்லை என்றால் நான் மன்னிப்புக் கேட்கிறேன். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது தடவை. அங்கே எனக்கு வேறொரு பெயர். அந்தப் பெயர்க்காரிதான் மன்னிப்புக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டால் கொஞ்சம் வலி குறையும். போன வாரம் அம்மா பால் பொங்கிவிட்டது என்று கத்தினாள். 'ஐ அண்டர்ஸ்டாண்ட் யுவர் ஃப்ரஸ்ட்ரேஷன்' என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. "எந்த ஸ்டேஷனுக்குடி?" என்றாள் அம்மா. நான் சிரிக்கக்கூட இல்லை, அவ்வளவு அசதி.

நீ கிளம்பிய அன்று சொந்தக்காரர்கள் நிறைந்த கூடத்தில் என்னைப் பார்த்து என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? நாக்கை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவள் என்றாய். இப்போது அதே நாக்கைக் கடன் கேட்கிறாய்.

இலக்கணம் அனுப்பமாட்டேன். டீச்சரிடம் போய் 'எனக்குத் தெரியாது' என்று சொல். அந்த ஒரு வாக்கியத்தை எந்த மொழியில் சொன்னாலும் சரிதான்.

அக்கா

&nbsp;

நவம்பர் 9

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் கோபமாக இருந்தேன். அப்புறம் நீ எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை என்று தோன்றியது. ஆனால் டீச்சரிடம் இன்னும் சொல்லவில்லை. உனக்கென்ன, சுலபமாகச் சொல்லிவிட்டாய். பள்ளிக்கூடத்தில் ஐலண்டை 'இஸ்லாண்டு' என்று படித்துவிட்டு இரண்டு வருடம் அதையே பெயராகச் சுமந்தது நீ இல்லையே. மறுபடியும் ஒரு வகுப்பு சிரிப்பதைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

எங்கள் வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். இப்படி ஒரு கூட்டத்தை நீ பார்த்திருக்கமாட்டாய். ஒவ்வொருவருக்கும் ஆங்கிலத்தின்மேல் ஒவ்வொரு வழக்கு. மலைநாட்டிலிருந்து வந்த ஒருத்தி இருக்கிறாள், மலைக்காரி என்றுதான் கூப்பிடுகிறோம். அவள் சொல்கிறாள்: "மொத மொழி எங்கம்மாவோடது. ரெண்டாவது பள்ளிக்கூடத்தோடது. மூணாவது இந்த ஊரோடது. இந்த நாலாவது யாரோடதுன்னே தெரியல. யாரு வீடுன்னே தெரியாம தெனமும் போய்ப் பெருக்குன்னா எப்படி?" முன் வரிசைக் குண்டனுக்கு ஆங்கிலம் உயிர். படிப்பு முடிந்ததும் வேறு நாட்டுக்குப் பறந்துவிட வேண்டும், இந்த ஊர் அவனுக்கு வெறும் ரயில் மாறுகிற இடம். போன வருடம் எங்கள் இலக்கணப் பிழைக்கெல்லாம் சிரித்த உள்ளூர்ப் பையன் ஒருவன், இப்போது 'இஸ்'ஸுக்கும் 'ஆர்'ருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறான். அதைப் பார்க்கிறபோது மட்டும் எனக்கு ஆங்கிலம் பிடிக்கிறது.

என் அறைத்தோழன் நெட்டையன். வறண்ட நாட்டுக்காரன், கட்டிலுக்கு வெளியே அரை முழம் கால் நீட்டிக்கொண்டிருக்கும். அவன் வீட்டில் இருநூறு ஆடுகள். ஆங்கில வகுப்பில் ஒரு வார்த்தை பேசமாட்டான். கேட்டால், "ஆடு எந்த மொழியில கத்துது, சொல்லு. நான் அதப் படிக்கிறேன்" என்பான். எங்கள் இருவருக்கும் பொதுவானது இந்த ஊர் மொழிதான். அதில் நாங்கள் சண்டை போடுவோம், சமைப்போம், சிரிப்போம்.

அவன் அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார். டிசம்பரிலிருந்து ஒரு பருவம் ஊருக்குப் போய் இருந்துவிட்டு வர வேண்டும். அவனைப் படிக்க அனுப்பிய அறக்கட்டளைக்கு எல்லாமே ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். "நீதான் பெரிய ஆளாச்சே, எழுதிக் குடு" என்று பேனாவைக் கையில் திணித்தான். மறுக்க முடியவில்லை. ஒரு சாயங்காலம் முழுக்க அகராதியும் கையுமாக உட்கார்ந்து எழுதிவிட்டேன், அக்கா! முதல் தடவையாக நானே ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதினேன். நவம்பர் 3ஆம் தேதி தபாலில் சேர்த்துவிட்டோம். நகலை இதோடு வைத்திருக்கிறேன். படித்துவிட்டு உன் தம்பி அவ்வளவு மோசமில்லை என்று ஒரு வரி எழுது.

தம்பி

&nbsp;

நவம்பர் 22

துரை,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். உடனே படி.

நீ எழுதியிருப்பது லீவு லெட்டர் இல்லை. 'ஐ லீவ் தி காலேஜ் ஃப்ரம் டிசம்பர் ஃபர்ஸ்ட்' என்று எழுதியிருக்கிறாய். நம் வாயில் லீவு என்றால் விடுமுறை. அவர்களுக்கு அந்த வாக்கியத்தின் அர்த்தம், 'டிசம்பர் ஒன்றாம் தேதியோடு கல்லூரியை விட்டுப் போகிறேன்.' அதற்குக் கீழே 'ப்ளீஸ் அக்செப்ட்' வேறு. ஒரு பருவத்துக்கு மட்டும் என்று எங்கேயும் இல்லை. திரும்பி வருவான் என்றும் இல்லை. கையெழுத்து அவனுடையது. அந்த அலுவலகம் இதை ஏற்றுக்கொண்டால் அவன் இடம் போய்விடும்.

நேற்றே உன் விடுதிக்கு டெலிபோன் செய்தேன். எடுத்தவர் காவலாளி போலிருக்கிறது. நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் உங்கள் ஊர் மொழியில் ஏதோ சொன்னார். மெதுவாகச் சொன்னேன், உடைத்துச் சொன்னேன், உன் பெயரை மட்டும் பத்துத் தடவை சொன்னேன். அவரும் பொறுமையாக ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் இரண்டு பேருமே களைத்துப்போய் வைத்துவிட்டோம். ஒரு நாளைக்கு ஐம்பது பேரைச் சமாளிக்கிறவள், ஒரு காவலாளியிடம் 'என் தம்பியைக் கூப்பிடுங்கள்' என்று சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அம்மா பக்கத்தில் நின்று, "என்னடி சொல்றாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

சரியான கடிதம் எழுதி இதற்குள் வைத்திருக்கிறேன். நெட்டையனைக் கையெழுத்துப் போடச் சொல்லி இன்றைக்கே அனுப்பு. நடந்ததை அவனிடம் மறைக்காதே.

அக்கா

&nbsp;

டிசம்பர் 1

அக்காவுக்கு,

உன் கூரியர் 29ஆம் தேதி வந்தது. நெட்டையன் 26ஆம் தேதியே போய்விட்டான்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அறக்கட்டளையின் பதில் 24ஆம் தேதி வந்தது. அவன் அதைப் பிரிக்காமலே ஓடிவந்து என்னிடம் கொடுத்தான். நான் படித்தேன். அதில் எனக்குத் தெரிந்த வார்த்தைகள் இரண்டு, 'அக்செப்ட்' ஒன்று, 'பெஸ்ட் விஷஸ்' ஒன்று. "ஒத்துக்கிட்டாங்கடா! வாழ்த்து வேற சொல்லியிருக்காங்க!" என்றேன். அவன் என்னைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினான். மறுநாள் பெட்டியைக் கட்டினோம். பேருந்து நிலையம் வரை போய் ஏற்றிவிட்டு வந்தேன். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏப்ரல்ல பாப்போம்" என்றான்.

உன் கடிதத்தைப் படித்ததும் அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு மலைக்காரியிடம் ஓடினேன். அவள் அகராதியில் 'ரிக்ரெட்' என்ற வார்த்தையைத் தேடிக் காட்டினாள். வருந்துகிறார்களாம். அவன் படிப்பை விடுவதை ஏற்றுக்கொள்கிறார்களாம். அவன் எதிர்காலத்துக்கு வாழ்த்துகிறார்களாம். நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஒனக்கு இங்கிலீஷ் தெரியாதா?" என்று கேட்டாள்.

"தெரியாது."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே."

அவள் திட்டவில்லை. அகராதியை மூடிவிட்டு, "எனக்கு ஒரு ஆள் எழுதிக் குடுத்தாத்தான் கட்டுரையே. எல்லாரும் நடிக்கிறோம். நீ நடிச்சது மட்டும் அடுத்தவன் தலையில விழுந்துருச்சு" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

நேற்று வகுப்பில் எழுந்து நின்று டீச்சரிடம் சொல்லிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. நான் பயந்த சிரிப்பு வரவே இல்லை. அதற்காக நிம்மதி வந்துவிடவும் இல்லை. டீச்சர் என்னை ஆரம்ப வகுப்புக்கு மாற்றிவிட்டார். நீ எழுதிய கடிதத்தையும், தப்பு என்னுடையது என்று ஒரு குறிப்பையும் சேர்த்து அவரே உடனே அறக்கட்டளைக்கு ஃபேக்ஸில் அனுப்பினார். இன்று காலையே அவர்கள் தந்தி கொடுத்திருக்கிறார்கள். கடிதத்தை எழுதியவரிடம் நேரடியாகப் பேச வேண்டுமாம். ஜனவரி 8ஆம் தேதி காலை பத்து மணிக்குக் கல்லூரி முதல்வர் அறைக்குக் கூப்பிடுவார்கள். ஆங்கிலத்தில்.

அக்கா, என்னால் முடியாது. உன் வீட்டு நம்பரை அவர்களுக்குக் கொடுத்துவிடுகிறேன். எழுதியது நீதான் என்று சொல்லிவிடு. உனக்கு இது ஐந்து நிமிட வேலை. நான் பேசினால் ஒருவனுடைய படிப்பே போய்விடும்.

நெட்டையனுக்கும் எழுத வேண்டும். இன்னும் எழுதவில்லை.

தம்பி

&nbsp;

டிசம்பர் 14

தம்பிக்கு,

நம்பரைக் கொடுக்காதே. நான் பேசமாட்டேன்.

கோபத்தில் சொல்லவில்லை. நீ சொல்வது நிஜம், எனக்கு ஐந்து நிமிட வேலைதான். வழவழவென்று பேசி அந்த ஆளைச் சம்மதிக்கவைத்துவிடுவேன். ஆனால் அது ஐஸ் பெட்டிக்குக் கேட்கிற மன்னிப்பாகத்தான் வரும். எனக்கு அதற்குமேல் அந்த மொழியில் எதுவும் வராது. சொன்னால் நம்பமாட்டாய், அந்த மொழியில் நான் ஒரு தடவைகூட என் சொந்தத் தப்புக்கு மன்னிப்புக் கேட்டதில்லை. இது உன் தப்பு. உன் வாயால் போனால்தான் அது மன்னிப்பு.

தமிழில் நான் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று பாக்கி இருக்கிறது. கூடத்தில் வைத்து 'இங்கிலீஷுக்குப் பயந்து ஓடுறான்' என்று சொன்னேனே, அதற்கு. நீ ஓடவில்லை. என்னை விட்டுவிட்டுப் போகிறாய் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீயும் போய்விட்டால் வீட்டில் என்னோடு தமிழில் சண்டை போட யாரும் இல்லை. அதைச் சொல்லத் தெரியாமல் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். இரண்டு வருடம் அதைத் திருத்தாமலும் இருந்துவிட்டேன்.

இனி டெலிபோன் விஷயம். இதை என் வேலையிலிருந்து சொல்கிறேன். அவசரப்படாதே. வேகமாகப் பேசினால் ஆங்கிலம் தெரிந்தவன் மாதிரி இருக்கும் என்று நினைப்பவர்கள்தான் கேட்டதையே புரிந்துகொள்ளாமல் பதில் சொல்வார்கள். புரியாவிட்டால் 'அகெய்ன், ப்ளீஸ்' என்று சொல். எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல். நான் தினமும் இருபது பேரிடம் சொல்கிறேன், எவரும் என்னைக் கடித்துத் தின்றுவிடவில்லை. சொல்ல வேண்டியதைத் தமிழில் நாலு வரியாக எழுதி முன்னால் வைத்துக்கொள். அதைவிட நீளமாக எதுவும் பேச முயற்சிக்காதே.

நெட்டையனுக்கு அதற்கு முன்னாலேயே எழுதிவிடு. அவன் அதை வேறு யார் வாயிலிருந்தும் கேட்கக் கூடாது.

அக்கா

&nbsp;

ஜனவரி 12

அக்காவுக்கு,

பேசிவிட்டேன்.

முதல்வர் அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தார். மணி அடித்ததும் ரிசீவரை எடுத்தேன். எதிர்முனையில் ஓர் அம்மாள். குரலைக் கேட்டதும் ஆச்சரியமாகிவிட்டது. அவருடைய ஆங்கிலமும் இரவல் ஆங்கிலம்தான், அக்கா. ஒவ்வொரு வார்த்தையையும் தேடி எடுத்து வைத்தார். நானும் தேடினேன். நடுவில் இரண்டு பேரும் சும்மா இருந்த நேரம்தான் அதிகம்.

'மை மிஸ்டேக்' என்றேன். 'நாட் ஹிஸ் மிஸ்டேக்' என்றேன். எங்கள் மொழியில் லீவு என்றால் விடுமுறை என்று சொல்ல, 'இன் மை லாங்வேஜ் லீவ் இஸ் ஹாலிடே' என்றேன். அவர், 'அகெய்ன், ப்ளீஸ்' என்றார். அவரே சொன்னார்! மறுபடி சொன்னேன். பிறகு பெருமூச்சு விட்டது கேட்டது. 'யூ ரோட் இட் அலோன்?' என்றார். ஆமாம் என்றேன். 'அண்ட் யூ ரெட் அவர் ஆன்சர் அலோன்?' அதற்கும் ஆமாம் என்றேன். அதற்குமேல் என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

முடிவு இதுதான். நெட்டையனின் இடத்தைச் செப்டம்பர் வரை வைத்திருப்பார்கள். அதற்குள் அவனே தன் கையால், எந்த மொழியில் வேண்டுமானாலும், வருகிறேன் என்று எழுத வேண்டும். வேறு யாரும் எழுதிக் கொடுக்கக் கூடாது. இதைச் சொல்லும்போது மட்டும் அந்த அம்மாளின் குரல் கறாராக இருந்தது.

வெளியே வந்ததும் டீச்சர், "இலக்கணம் மோசம். ஆனா ஒரு வார்த்தைகூடப் பொய் இல்ல" என்றார். அறைக்குப் போய் சாயங்காலம் வரை தூங்கினேன். சுமை தூக்கியவன் மாதிரி தோள் எல்லாம் வலித்தது.

நெட்டையனுக்கு டிசம்பர் கடைசியிலேயே எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். செப்டம்பர் விஷயத்தையும் நேற்று எழுதிப் போட்டேன். பதில் இல்லை.

நீ கேட்ட மன்னிப்புக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நாக்கைப் பற்றி நான் சொன்னதுதான் அதைவிட அசிங்கம். நீ வீட்டைத் தூக்கி நிறுத்துகிற வேலையை நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னித்துவிடு.

தம்பி

&nbsp;

பிப்ரவரி 20

அக்காவுக்கு,

நெட்டையன் எழுதிவிட்டான். அவன் அப்பா ஜனவரியில் போய்விட்டார். என் கடிதங்கள் இரண்டும் அதற்குப் பிறகுதான் அவன் கைக்குக் கிடைத்திருக்கின்றன.

அவன் இந்த ஊர் மொழியில் எழுதியதை அப்படியே உனக்குத் தமிழில் தருகிறேன். 'நீ ரொம்ப வருத்தப்பட்டு எழுதியிருக்கிறாய். வருத்தப்படாதே. கிளம்பும்போதே எனக்குத் திரும்பி வர மனசில்லை. இரண்டு வருடமாக ஊமையாக உட்கார்ந்து அலுத்துவிட்டது. ஒரு மொழியைக் கற்று முடித்தால் அடுத்ததைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். விட்டுவிடுகிறேன் என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. நீ தெரியாமல் அதை எனக்காக எழுதிவிட்டாய். இங்கே ஆடுகளுக்கு ஊசி போடுகிறேன். அரை டாக்டர் என்று கூப்பிடுகிறார்கள்.'

அக்கா, இது நிஜமா, இல்லை, என் மனசு ஆறட்டும் என்று எழுதியதா? ஏப்ரலில் பார்ப்போம் என்று ஜன்னலில் தலையை நீட்டியவன் அவன். பத்து தடவை படித்துவிட்டேன், பிடிபடவில்லை. இது தெரியாத மொழியும் இல்லை. எழுத்து எழுத்தாகப் புரிகிற மொழிதான். அதில் அவனிடம் திருப்பிக் கேட்க எனக்கு வார்த்தைகள் இருக்கின்றன. கேட்கத்தான் துணிவு இல்லை.

ஆரம்ப வகுப்புக்குத் தினமும் போகிறேன். பத்து வயதுப் பிள்ளைகள் படிக்கிற பாடம். வெட்கம் போய்விட்டது. ஆசையும் வரவில்லை. பல் தேய்ப்பது போலப் போய்விட்டு வருகிறேன்.

தம்பி

&nbsp;

மார்ச் 6

தம்பிக்கு,

கேள்.

நிஜம் என்று சொன்னால் உனக்குக் கொஞ்சம் ஆறும். உனக்காகச் சொன்னது என்றால் வலிக்கும். இரண்டில் எதுவானாலும் நீ கேட்டாய் என்பது அவனுக்குத் தெரிய வேண்டும். அப்பா போன வீட்டில் உட்கார்ந்துகொண்டு, உன்னையும் சமாதானப்படுத்தி எழுதியிருக்கிறான் பார். அவனை அப்படியே விட்டுவிடாதே. எனக்கு அந்த மாதிரி வேலை பழக்கம். எதிரில் இருப்பவரைச் சமாதானப்படுத்திவிட்டு ரிசீவரை வைத்த பிறகு, 'நீ எப்படி இருக்கிறாய்' என்று யாராவது கேட்கமாட்டார்களா என்று இருக்கும்.

அம்மா நேற்று என்னிடம், "அந்த ஒசரமான பையன் சாப்பிட்டானான்னு எழுதிக் கேக்கச் சொல்லு" என்றாள். அதையும் சேர்த்துக் கேள்.

அக்கா

&nbsp;

ஜூன் 28

அக்காவுக்கு,

தேர்வில் பாஸ். எல்லைக்கோட்டுக்கு மேல் மூன்று மார்க். மலைக்காரி எனக்கு மேலே, குண்டன் எல்லாருக்கும் மேலே. சந்தோஷம் என்று சொல்ல முடியாது. நெடுந்தூரம் நடந்து வந்தவனுக்குச் செருப்பைக் கழற்றினால் வருமே, அந்த அளவுக்கு இருந்தது. அடுத்த மாதத்திலிருந்து ஆஸ்பத்திரியில் மாடுகளோடு இருப்பேன்.

நெட்டையனிடம் கேட்டேன். அம்மா கேட்டதையும் சேர்த்துத்தான் எழுதினேன். மூன்று மாதம் பதில் வரவில்லை. இன்று காலை ஓர் அட்டை வந்தது. மொத்தமே மூன்று வரி.

'சாப்பிட்டேன் என்று அம்மாவிடம் சொல். நான் எழுதியதில் பாதி நிஜம். செப்டம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது, பார்க்கலாம்.'

எந்தப் பாதி என்று எழுதவில்லை. நானும் இனிமேல் கேட்கப்போவதில்லை.

அவன் போன பிறகு அவன் கட்டில் முழுக்க என் புத்தகங்களையும் துணிகளையும் போட்டுவைத்திருந்தேன். மத்தியானம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மெத்தையை வெயிலில் போட்டிருக்கிறேன்.

தம்பி